தொபியாஸ் மாஸ்டர் வைன்

பிரசங்கம் இன்னும் முடிந்தபாடில்லை. கோயில் கோபுரத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பி, வாழைத்தோட்டத்தைத் தாண்டி, செசிலியின் அடுக்களை ஜன்னல் வரைக்கும் வந்து விழுந்துகொண்டிருந்தது, மூச்சுக்கு ஒரு அன்பானவர்களே. யாருக்கு யார் அன்பானவர்கள்? செமினரியை விட்டு வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாகப் பார்க்காத ஃபாதர், அன்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், ஒரே கூரைக்குக் கீழே ஒரே ஆளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டிப் பார்த்தவரா என்ன. செசிலி அதிகாலைப் பூசைக்கே போய்விட்டு வந்துவிட்டாள். அதில் பிரசங்கம் சின்னது, பாட்டு கிடையாது, முன்வரிசையில் பட்டுச்சேலைகள் கிடையாது. இந்த நீளப்பூசை முடிந்ததும் ஃபாதரும் எட்வர்டும் எட்வர்டின் பெண்டாட்டி பிளாந்தினாவும் நேராக இங்கேதான் வருவார்கள். எட்வர்டு அவளுடைய கொழுந்தன், செத்துப்போன தொபியாஸின் தம்பி. வரச்சொல்லி இவள்தான் ஆள் அனுப்பினாள். வந்து இவள் போட்ட வைனைக் குடித்துப் பார்க்கட்டும், குடித்துவிட்டு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அது போதும், அதற்கப்புறம் அவர்கள் எந்தக் கிணற்றில் விழுந்தாலும் இவளுக்கு ஒன்றுமில்லை. கொதிக்கவைத்து எடுத்த சீசாக்கள் வெள்ளைத் துணிமேல் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பெரிய கண்ணாடி ஜாடிக்குள் விட்டு, மறுமுனையில் தடித்த சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தாள். அந்த மனுஷனாக இருந்தால் வாயை வைத்து உறிஞ்சியிருப்பார், எச்சிலோடு, மீசையோடு. சிரிஞ்சை எடுத்துவிட்டுக் குழாயைச் சீசாவுக்குள் இறக்கினாள். அடியில் படிந்திருக்கிற மண்டி கலங்கக்கூடாது, மேலே தெளிந்தது மட்டும் இறங்க வேண்டும், கை நடுங்கக்கூடாது. நடுங்கவில்லை. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளைகளுக்கு மூக்கு வழியாகக் குழாய் இறக்கிய கை இது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆகிற அன்று வரைக்கும், இவள் வார்டுக்குள் நுழைந்தால் டாக்டர்மார்களே கையைக் கழுவிக்கொள்வார்கள். இந்த ஊரில் அதெல்லாம் யாருக்குத் தெரியும். இந்த ஊருக்கு இவள் மாஸ்டர் வீட்டம்மா. மாஸ்டர் வீட்டம்மா, ஜாடி கழுவுகிறவள்.

சிவப்பாக இறங்கியது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே சீசாவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், ஒரு தூசி இல்லை, ஒரு நூல் இல்லை, மாதுளை முத்துகளைத் துணியில் கட்டிப் பிழிந்த மாதிரித் தெளிவு. அவர் போட்ட வைனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் யார். பிடித்தாலும் வெளிச்சம் மறுபக்கம் போகாது, குளத்துத் தண்ணீர் மாதிரிக் கலங்கல். தொபியாஸ், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், கழுத்தில் விசில், இடுப்பில் தொந்தி, ஊருக்கெல்லாம் செல்லப்பிள்ளை. ஊறுகாய் ஜாடியில் வைன் போடுவார். பழத்தைக் கழுவ வேண்டாமா என்று கேட்டால், மழையே கழுவிடுச்சு செசிலி என்பார். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுப் பிசைவார். அந்தக் கையால் அன்று காலையில் என்னென்ன தொட்டிருப்பார் என்று நினைத்தால் இவளுக்குக் குமட்டும். ஒரு பிடி கோதுமை, ஒரு பிடி கிராம்பு, பட்டை ஒடித்துப் போட்டு, சர்க்கரையைப் பொட்டலத்தோடு கவிழ்ப்பார். எவ்வளவு போட்டீங்க? மனசுக்குப் பட்ட அளவு. மனசுக்குப் பட்ட அளவு இன்சுலின் போட்டால் ஆள் பிழைப்பானா என்று இவள் கேட்பாள், அதற்கும் ஒரு சிரிப்பு. எல்லாவற்றுக்கும் அந்தச் சிரிப்புத்தான் பதில், சம்பளம் முந்தைய வாரமே தீர்ந்துபோனதற்கும் அதுதான், டூட்டி முடித்து ராத்திரியில் இவள் வந்து இறங்குகிறபோது வாசல் முழுக்க யார் யார் செருப்போ கிடப்பதற்கும் அதுதான். கிறிஸ்துமஸ் வந்தால் போதும், ஊரே இந்தக் கூடத்தில்தான். தபால்காரர், பஸ் கண்டக்டர், கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், டிரில் மாஸ்டரிடம் அடி வாங்கிப் படித்துப் பெரிய ஆளானவர்கள், எல்லாரும் தரையில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராக, ஆகா மாஸ்டர், ஓகோ மாஸ்டர். இவள் அவர்களுடைய செருப்பைத் தாண்டி, அவர்களுடைய முழங்காலைத் தாண்டி, யூனிஃபார்மோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள். தூக்கம் வராது. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு அலை அலையாக எழும்பும். எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள், அப்படி என்ன இருக்கிறது அந்தக் கலங்கல் தண்ணீரில். மறுநாள் டம்ளர்களைக் கழுவும்போது அடியில் சிவப்பாக ஒரு வட்டம் ஒட்டியிருக்கும், சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் போகும்.

இரண்டாவது சீசாவுக்குக் குழாயை மாற்றினாள். ஒரு சொட்டு துணியில் விழுந்து பரவியது, பரவட்டும். ஒலிபெருக்கியில் இப்போது காணிக்கைப் பாட்டு, பெண்கள் பக்கம் ஒரு குரல் மட்டும் உச்சத்துக்குத் தனியாக ஏறிக்கொண்டு போயிற்று. பிளாந்தினாதான், வேறு யார். அந்தத் தொண்டைதான் அன்றைக்கும் பேசியது. அவருடைய முதல் வருஷ நினைவுப் பூசை முடிந்து, இதே கூடத்தில் எல்லாருக்கும் சாப்பாடு. அழுவார்கள் என்று செசிலி எதிர்பார்க்கவில்லை, ஆனால் அவரைப் பற்றி ஏதாவது பேசுவார்கள் என்று நினைத்தாள். பேசினார்கள். வைனைப் பற்றிப் பேசினார்கள். மாஸ்டரோட அந்த வைனும் போச்சு, இனிமே எங்க கிடைக்கும் அந்த ருசி என்று ஒருத்தர் எலும்பைக் கடித்துக்கொண்டே பெருமூச்சு விட்டார். திராட்சைக் கொடிதான் இருக்கே, மதினி போடலாமே என்று எட்வர்டு சொன்னான். கொடியும் அப்போது இல்லை, அவர் போன மறுமாசமே பாம்பு அடையுது என்று சாக்குச் சொல்லி வேரோடு பிடுங்கிப் போடவைத்துவிட்டாள், கொல்லையில் கல்தூண்கள் மட்டும் மொட்டையாக நின்றன, அதுகூடத் தெரியாத தம்பி. அப்போதுதான் பிளாந்தினா இலையிலிருந்து நிமிர்ந்து சொன்னாள், அக்காவுக்கு அதெல்லாம் ஒத்து வராது, பாவம், அவங்களுக்கு ஊசி மருந்துதான் தெரியும். பாவம். யார் பாவம்? பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போகலாமா என்றிருந்தது, போகவில்லை, அவளுக்கும் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினாள். அந்த ஒரு சொல் காலில் குத்தின கருவேல முள் மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாது, நடந்தால் மட்டும் தெரியும். திரும்பவும் கொடி நட்டது அதற்காகவா? இல்லை. அதற்காக இல்லை. ரிட்டயர் ஆனவளுக்கு ஒரு வேலை வேண்டாமா. பாவமாம்.

மறுநாளே ஆள் விட்டுக் குழி வெட்டினாள், பழைய குழிகளில் இல்லை, பழைய வேர் அழுகின மண்ணில் எதையும் வைக்கக்கூடாது, தூண்களுக்கு இடையில் புதுசாக, இடுப்பளவு ஆழத்துக்கு. துருப்பிடித்த கம்பியெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி இழுத்தாள். வேர்விட்ட பன்னீர் திராட்சைக் குச்சிகளைப் பையோடு கொண்டுவந்து இறக்கிய தோட்டக்காரர், ஆம்பளை இல்லாத வீட்ல இது ரொம்பச் சிரமம்ங்கம்மா என்றார். ஆம்பளை இருந்தபோதும் இந்த வீட்டில் சிரமப்பட்டது யார் என்று கேட்காமல் விட்டாள், கேட்டால் உட்கார்ந்து கதை பேசுவார். எருவும் வேப்பம்புண்ணாக்கும் அளந்து போட்டாள். குச்சி துளிர்த்து மூங்கிலில் ஏறியது, பந்தலுக்குப் போனதும் நுனியைக் கிள்ளிவிட்டாள், இரண்டாகப் பிரிந்து படர்ந்தது, கவாத்து வெட்டினாள். முதல் பூங்கொத்து வந்தபோது அத்தனையையும் உதிர்த்துவிட்டாள், செடிக்குத் தெம்பு வேண்டும் என்று. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களெல்லாம் வாயில் கை வைத்தார்கள், மாஸ்டர் வீட்டம்மாவுக்கு மூளை கலங்கிப்போச்சு என்று. கலங்கட்டும். அவர்கள் பார்வைக்கெல்லாம் செடி காய்க்குமா. ஆனால் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்த அன்று, நாலு நாள் விடாத தூறலுக்கு அப்புறம், இலையைத் திருப்பிப் பார்த்த அன்று, அந்த இலையைக் கிள்ளி மடிக்குள் மறைத்துக்கொண்டாள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு பந்தலுக்கு அடியில் ஒவ்வொரு வரிசையாக, கழுத்தை அண்ணாந்தபடியே. ஈரத்தில் கால் வழுக்கியது. தூணைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் விழுந்திருந்தால்? தலை கல்லில் பட்டிருந்தால் யாருக்குத் தெரியும், கோயம்புத்தூரில் இருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமைதான் போன் பண்ணுவாள், பால்காரன் வாசலிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விடுவான், ஒரு பாக்கெட், இரண்டு பாக்கெட். எத்தனை பிணத்தைத் துடைத்துக் கட்டி அனுப்பியவள், தன்னை யார் வந்து தூக்குவார்கள் என்று யோசித்ததில்லை. அந்த மனுஷன் செத்தபோது தூக்க அத்தனை கை. தோளுக்குத் தோள் மாற்றி, எனக்குக் கொடு எனக்குக் கொடு என்று சண்டை போடாத குறை. இவளுக்குச் சவவண்டிதான். சரி, வண்டி என்றால் வண்டி, நாலு பேர் மூச்சு வாங்கிச் சுமந்துதான் மோட்சம் போக வேண்டுமா. அன்றைக்குப் பந்தலுக்கு அடியில் நின்று யோசித்தது அதுகூட இல்லை. செடி போய்விட்டால் பிளாந்தினா என்ன சொல்வாள், அதுதான். அந்தச் சொல்லை இரண்டாம் தடவை கேட்க முடியாது. செடி போகவில்லை. நோய் இறங்கி, காய் பிடித்து, கறுத்து, வலை போட்டுப் பறவையை ஓட்டி, ஒவ்வொரு குலையாகக் கத்தரிக்கோலால் வெட்டி, அழுகலும் பிஞ்சும் நீக்கி, கழுவி, துடைத்து, கையுறை போட்டு நசுக்கி, தெர்மாமீட்டர் வைத்துச் சூடு பார்த்து, காற்று உள்ளே போகாமல் குழாய் வைத்து அடைத்து. கிராம்பு இல்லை, கோதுமை இல்லை, மனசு இல்லை. போன வாரம் ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தாள், மருந்து பார்க்கிற மாதிரி. சுத்தமாக இருந்தது. இனிப்பு ஓரமாக வந்து, பின்னாலேயே ஒரு துவர்ப்பு வந்து, பழத்தின் பன்னீர் வாசம் மூக்குக்கு ஏறி நின்றது. ஸ்பூனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆள் இல்லாத அடுக்களையில் நின்று சிரித்தாள். பாட்டு நின்றுவிட்டது. கடைசிச் சீசா நிறைகிறபோது, பூசை முடிந்த மணி அடித்தார்கள்.

முதலில் பிளாந்தினாவின் குரல் வந்தது, அப்புறம்தான் ஆள். "என்னக்கா, வாசல் வரைக்கும் டெட்டால் வாசம்! வைன் குடிக்க வந்தோமா, ஊசி போட வந்தோமா?" சிரித்துக்கொண்டே செருப்பை ஒன்று அங்கும் ஒன்று இங்குமாக விட்டாள். எட்வர்டு பின்னாலேயே, வெள்ளை வேட்டி, அண்ணனுடைய அதே தொந்தி, ஆனால் அண்ணனுடைய தைரியம் இல்லாத தொந்தி, உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தான். ஃபாதர் அங்கியைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சட்டையில் வந்திருந்தார், கல்லூரிக்குப் போகிற பிள்ளை மாதிரி. "தோத்திரம் ஃபாதர், உக்காருங்க" என்றாள். "தோத்திரம்மா. நான் இந்தப் பங்குக்கோயிலுக்கு வந்த அன்னைக்கே மாஸ்டர் வைனைப் பத்திச் சொல்லிட்டாங்க" என்றார் அவர். "இது மாஸ்டர் வைன் இல்ல ஃபாதர், நான் போட்டது. கொடிகூட அவர் வச்சது இல்ல." "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். கேட்டாரா இல்லையா. பாவசங்கீர்த்தனத்தில் யார் என்ன பாவத்தைச் சொன்னாலும் இப்படித்தான் தலையாட்டுவார் போல. புதுசாக வாங்கிய கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, தட்டில் வைத்து நீட்டினாள். மூன்று தொண்டைகளையும் பார்த்தாள். மாத்திரை விழுங்குகிறார்களா, நாக்குக்கு அடியில் ஒளிக்கிறார்களா என்று நோயாளியைப் பார்க்கிற பார்வை, அது அவளுக்கு மாறாது. பிளாந்தினா ஒரே மடக்கில் பாதியைக் குடித்தாள், பதனீர் குடிக்கிற மாதிரி. ஃபாதர் முகர்ந்து பார்த்தார், எங்கோ பார்த்துப் படித்த பழக்கம். எட்வர்டு ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. "அப்படியே அண்ணன் வைன் மதினி" என்றான்.

செசிலிக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. "அச்சு அசல் பெரியத்தான் வைன்தான்" என்று பிளாந்தினா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள், "அந்த ருசி அப்படியே நாக்குல வந்து உக்காருதுக்கா." இவள் தட்டை மேஜைமேல் வைத்தாள், சத்தம் வராமல்தான் வைக்க நினைத்தாள். "அது எப்படி? கிராம்பு போடல. கோதுமை போடல. பட்டை போடல. ஜாடியே வேற, முறையே வேற." "அதெல்லாம் இந்த வீட்டுக் கைப்பக்குவம்க்கா, எங்க போகும்" என்றாள் பிளாந்தினா, அதோடு முடிந்துவிட்டது அவளுக்கு, இரண்டு வருஷம், இடுப்பளவு குழி, முதுகில் தெளிப்பான், எல்லாம் அந்த வீட்டுக் கைப்பக்குவம், ஒரு தடவைகூடக் கழுவாமல் ஜாடிக்குள் விட்ட கை. ஃபாதர் டம்ளரை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மாஸ்டர் எங்கயும் போகல. இந்த வைன்ல நம்ம கூடத்தான் இருக்கார். அப்படித்தான் இருக்கு, மாஸ்டர் வைன் மாதிரியேதான் இருக்கு" என்றார், ஒலிபெருக்கி இல்லாமலேயே அதே குரல். இவரைப் பாரேன். மாஸ்டர் போய் ரெண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து இந்த ஊருக்கு வந்தவர், மாஸ்டர் முகத்தைப் பார்த்ததில்லை, அந்த வைனில் ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை, மாதிரியே இருக்காம், குடித்தே பார்க்காத ஆள் எதை வைத்து இது அது மாதிரி என்று சொல்வது, என்ன துணிச்சல், இவர்களெல்லாம் பீடத்தில் நின்று. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். இல்லை ஃபாதர், அவர் வைன் இப்படி இருக்காது, அது. அது. வாக்கியம் அங்கேயே நின்றது. அது எப்படி இருக்கும்? தேடினாள். கலங்கல் தெரிந்தது, டம்ளர் அடியில் ஒட்டிய சிவப்பு வட்டம் தெரிந்தது, ஜாடியைச் சுற்றிப் பறந்த கொசுக்கள், சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு, எல்லாம் தெரிந்தது. ருசி இல்லை. நாக்கு வெறுமையாக இருந்தது. இவளும் குடித்ததில்லை.

ஒரு தடவைகூட இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஜாடியைத் திறந்ததும் முதல் டம்ளரை அடுக்களைக்குத்தான் எடுத்து வருவார், மத்தவங்களுக்கு அப்புறம்தான், நீ ஒரு வாய் குடி செசிலி. டூட்டி இருக்கு என்பாள். டூட்டி இல்லாத வருஷம் தலைவலி என்பாள். ஒரு வருஷம், அது கொழுந்தன் கல்யாணத்துக்கு அடுத்த வருஷமாக இருக்கும், அதெல்லாம் சாக்கடைல ஊத்துங்க என்றாள். அவர் சிரித்துவிட்டு, டம்ளரைத் திண்டுமேல் வைத்துவிட்டுப் போனார். காலையில் அதில் எறும்பு மிதந்தது. கழுவி வைத்தாள். அப்புறமும் வருஷா வருஷம் எடுத்துக்கொண்டு வந்தார், வெட்கம் கெட்டவர் என்று நினைத்தாள், வெட்கம் கெட்டவர்தான், வேறு யாராவது முதல் வருஷத்தோடு விட்டிருப்பார்கள். அவரைப் புதைத்துவிட்டு வந்த அந்த வாரமே, மிச்சமிருந்த ஜாடியைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்துவிட்டாள், யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை, மண் குடித்துவிட்டது. இப்போது இந்த ஊரில் தபால்காரருக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், ஆர்மோனியக்காரருக்குத் தெரியும், முந்தானையில் மூக்குச் சிந்துகிற இந்தப் பிளாந்தினாவுக்குத் தெரியும். "நீங்களே சொல்லுங்கம்மா, அப்படித்தானே இருக்கு?" என்று ஃபாதர் அவளையே பார்த்தார். கையில் இருந்த துணியை நாலாக மடித்தாள், மடித்ததைத் திரும்பவும் மடித்தாள். "ம்" என்றாள். பரிசோதிக்காத ஒன்றுக்கு அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் ம் அதுதான்.

ஃபாதருக்குப் பக்கத்து ஊரில் ஒரு ஞானஸ்நானம் இருந்தது, கிளம்பினார். பிளாந்தினாவுக்கு உலையில் பருப்பு, ஒரு சீசாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "நீங்க அந்த டம்ளரை முடிச்சிட்டு வந்து சேருங்க, அங்கயே உக்காந்துராதீங்க" என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். எட்வர்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான், எழுந்து போகச் சொன்னால் போய்விடத் தோதாக. போ என்று சொல்ல இவளுக்கும் வாய் துடித்தது. இவனிடமா கேட்பது, பத்தாவதை மூணு தடவை எழுதியவனிடம், கல்யாணமாகிப் பெண்டாட்டிக்குப் பயந்து, அண்ணனுக்குப் பயந்து, அண்ணன் பெண்டாட்டிக்கும் பயந்து. வேறு யாரிடம் கேட்பது?

"எட்வர்டு."

"சொல்லுங்க மதினி."

"அவர் வைன் எப்படி இருக்கும்?"

சிரித்தான், ஏதோ கேலி என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் டம்ளரை முழங்காலில் இறக்கினான். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். "நீங்க குடிச்சதே இல்லையா?" என்றான் மெதுவாக. பாவம் என்று சொன்னால் இப்போதே வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று காத்திருந்தாள். அவன் அதைச் சொல்லவில்லை. வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான், பிளாந்தினா திரும்பி வந்துவிடவில்லையே என்று.

"கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நல்லாவே இருக்காது மதினி." சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் பயந்துபோனான். "ஒரு வருஷம் காடி மாதிரிப் புளிக்கும். ஒரு வருஷம் கஷாயம். கோதுமை புளிச்ச வாடை வேற. பாதிப் பேரு இந்தா இந்த ஜன்னலுக்கு வெளிய ஊத்திட்டுத்தான் டம்ளரை நீட்டுவானுங்க. நானே ஊத்திருக்கேன்."

"அப்புறம் எதுக்கு வந்தாங்க?"

"அண்ணன் கூப்பிடுவான்ல." டம்ளர் விளிம்பை விரலால் துடைத்தான். "கூப்பிட்டா வரணும்னு தோணும்."

"அப்ப இப்ப எதுக்கு அவர் வைன் மாதிரியே இருக்குன்னீங்க? ரெண்டு பேருமே சொன்னீங்க."

"வேற என்ன சொல்றது மதினி? இது ஒசத்தியா இருக்கு. சத்தியமா இந்த மாதிரி நான் குடிச்சதில்ல. நல்லாருக்குன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்க முகத்தைப் பாத்ததும் பயமாயிருச்சு. நல்லாருக்குன்னா, என்ன நல்லாருக்கு, எப்படி நல்லாருக்குன்னு கேப்பீங்க. எனக்குச் சொல்லத் தெரியாது. அண்ணன் பேரைச் சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பிளாந்தியும் அதுக்குத்தான் சொல்லிருப்பா."

ஜெயித்தாயிற்று. இதைத்தானே இரண்டு வருஷமாக, இல்லை, அதற்கு முன்னாலிருந்தே, அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்த ராத்திரிகளிலிருந்தே. காடி. கஷாயம். கோயில் ஒலிபெருக்கியைப் பிடித்து ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய சங்கதி. காடித்தண்ணீரைக் குடித்துவிட்டு ஆகா ஓகோ என்று கூவிய முட்டாள் ஜனம் என்று நினைத்துப் பார்த்தாள், அது ஒட்டவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே வந்திருக்கிறார்கள், வருஷா வருஷம், சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, காடியை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள். ஊரிலேயே அந்த வைனை நல்ல வைனாக்கும் என்று நம்பிப் போட்டிக்கு நின்றது இவள் ஒருத்திதான். அடுக்களையில் இறக்கி வைத்த சீசாக்கள் வரிசையாக நின்றன, தெளிவாக, சுத்தமாக, ஒரு தூசி இல்லாமல். அவற்றையெல்லாம் யார் வந்து குடிப்பார்கள்? யாரைக் கூப்பிடுவாள்? கூப்பிட என்ன பெயர் தெரியும் இவளுக்கு, அந்தத் தபால்காரர் பெயர் என்ன?

எட்வர்டு டம்ளரைக் காலி பண்ணிவிட்டு எழுந்தான். "வரட்டுமா மதினி."

"உக்காருங்க."

உட்கார்ந்தான், இந்தத் தடவை நுனியில் இல்லை. அவன் டம்ளரில் ஊற்றினாள். இன்னொரு டம்ளர் எடுத்துத் தனக்கும் ஊற்றினாள், ஸ்பூன் அளவு இல்லை, முழுசாக. எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரு மடக்கு குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நன்றாக இருந்தது என்பதோடு அது நின்றுவிட்டது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. வார்டில் எத்தனையோ பேருக்கு எதிரே உட்கார்ந்தவள், இப்படி, வேலை ஒன்றும் இல்லாமல், ஒருத்தருக்கு எதிரே.

"இங்க உக்காந்து என்னதான் பேசுவீங்க?"

"அது என்னத்தையாவது பேசுறதுதான்."

"என்னத்தையாவதுன்னா?"

எட்வர்டு தலையைச் சொறிந்தான். அவளைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ரெண்டாவது டம்ளர் ஆச்சுன்னா அண்ணன் அந்தக் கதையை எடுத்துருவான். உங்களைப் பொண்ணு பாக்க வந்த கதை. எல்லா வருஷமும் அதேதான். எங்களுக்கெல்லாம் மனப்பாடம். போடா அடுத்தது சொல்லுன்னா, நீங்க சொல்லுங்கடான்னுவான். தபால் அந்தோணிராசு அண்ணனை மாதிரியே நடிச்சுக் காட்டுவாரு."

"என்ன கதை அது?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் இருந்தீங்கள்ல மதினி."

"அவர் சொன்ன கதை எனக்குத் தெரியாது."

அவன் ஒரு வாய் குடித்தான். மேல்துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குக் கதை சொல்ல வராது என்று ஆரம்பத்திலேயே தெரிந்தது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நடுவில் தொடங்கி, அங்கிருந்து பின்னால் போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வந்தான். "நல்ல மழை. ஐப்பசி மாசம். பஸ்ஸு பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்னுபோச்சு. அண்ணன் ஒரு குடையை எடுத்துக்கிட்டு..."

"ஐப்பசி இல்ல, கார்த்திகை" என்றாள் செசிலி. "குடையும் அவருது இல்ல, கடன் வாங்குனது."

எட்வர்டு பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான், திட்டு வாங்கிய முகத்தோடு.

"ம், சொல்லுங்க" என்றாள்.